கிட்டிவேக் கப்பலின் சிவப்புத் தகடு

பெல்ஃபாஸ்ட்
1826, மே 9

ஹியூ,

நீ நலமா, எஃபி நலமா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும். கேட்டதாக வைத்துக்கொள். வாயைத் திறந்தாலே குமட்டுகிறது எனக்கு.

மூன்று வருடங்களாக கிட்டிவேக்கில் பெண்கள் அறைக்குப் பணிப்பெண்ணாக இருக்கிறேன். இந்த வேலையில் சேர்த்துவிட்டவன் நீ. முதல் பயணத்தன்று கிரீனக் துறையில் பீரங்கி வெடித்தார்கள், பாதிரியார் ஜெபித்தார். காற்றைக் கெஞ்சாமல், குளிர்காலத்திலும் பயணிகளை அயர்லாந்துக்குக் கொண்டுபோகும் முதல் கப்பல் இதுதான் என்று முதலாளி கின்னெயர்ட் பெட்டியொன்றின் மேல் ஏறி நின்று முழங்கினார். நீ கரையில் நின்று, பக்கத்தில் இருந்தவர்களிடமெல்லாம் கொதிகலன் உன் கையால் செய்தது என்று சொல்லிக்கொண்டிருந்தாய். எனக்கும் அன்று பெருமையாகத்தான் இருந்தது.

நேற்று கடல் முரண்டு பிடித்தது. நாற்பது பெண்களுக்குப் பதினோரு கிண்ணங்கள். கிண்ணம் கிடைக்காத ஒரு சீமாட்டி தன் தங்கையின் தொப்பியில் வாந்தி எடுத்துவிட்டு, அதை என் கையில் கொடுத்து, "இதக் கொஞ்சம் பாத்துக்கோம்மா" என்றாள். முன்தளத்தின் கீழே கூலி வேலைக்குப் போய்த் திரும்பும் அயர்லாந்துக்காரர்கள் எண்பது பேர். அவர்களுக்குக் கிண்ணமும் இல்லை, பணிப்பெண்ணும் இல்லை. கரையில் இறங்கும்போது அவர்கள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

ஆனால் வாந்தி எனக்குப் பழகிவிட்டது. அதில் ஒளிவுமறைவு கிடையாது. நான் சொல்ல வந்தது வேறு ஒரு நாற்றம். குளிர்காலப் பழுதுவேலை முடிந்து உங்கள் பட்டறையிலிருந்து கப்பல் திரும்பியதிலிருந்து, என் அறையின் பலகை இடுக்குகள் வழியாக லாயத்து வாடை சூடாக ஏறி வருகிறது. முந்தாநாள் கிரீனக்கில் அடுப்பு மூட்டுவதற்கு முன் கீழே போய்ப் பார்த்தேன். கரி போடும் ஓவன் கொதிகலனின் மேல்மூடியைத் திறந்து வைத்து, வாளி வாளியாகக் குதிரை லத்தியை உள்ளே கொட்டிக்கொண்டிருந்தான்.

"என்னய்யா பண்ற?"

"அதுக்குப் பசிங்கம்மா. நாலு வாளி தின்னாத்தான் கெளம்புவேன்னு சொல்லுது."

"வெளையாடாத."

"நெசமாத்தான். தகட்டோரம் பூரா கசியுது. லத்தி போட்டா அது போய் இடுக்குல அடைச்சுக்கும். போன வாரம் ஓட்ஸ் மாவு போட்டோம். முதலாளி, மனுசன் திங்கறத ஏன்டா போடுறீங்கன்னு கோவிச்சுக்கிட்டாரு."

சொல்லிவிட்டுச் சிரித்தான். ஓவன் எதற்கும் சிரிப்பவன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பழுது பார்த்து வந்த கொதிகலன் ஏன் கசிகிறது? பட்டறையில் இருப்பவன் நீ. சொல்.

மரியன்

*

கிளாஸ்கோ
1826, மே 16

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தைச் சாப்பிடும் நேரத்தில் பிரித்தது என் தப்பு. எஃபிக்கு ஐந்தாம் மாதம். சும்மாவே எதையும் உள்ளே தங்கவிடமாட்டாள். நான் வாசிப்பதைக் கேட்டுவிட்டு எழுந்து ஓடினாள்.

லத்தி போடுவது எல்லாக் கப்பலிலும் உண்டு. உப்புத் தண்ணீரைக் காய்ச்சும் கொதிகலன் எதுவாக இருந்தாலும் கசியத்தான் செய்யும். சிலர் உருளைக்கிழங்கு போடுகிறார்கள், சிலர் தவிடு. நீ மூன்று வருடம் மேலேயே இருந்துவிட்டு இப்போதுதான் கீழே எட்டிப் பார்த்திருக்கிறாய், அதனால் பெரிதாகத் தெரிகிறது. கரி போடுகிறவர்களோடு பேச்சு வைத்துக்கொள்ளாதே. அவர்கள் பணிப்பெண்களைப் பயமுறுத்திப் பொழுது போக்குகிறவர்கள்.

எங்களுக்குப் பட்டறையில் தலைக்கு மேல் வேலை. கிட்டிவேக் வந்ததிலிருந்து ஆளாளுக்குக் கப்பல் கேட்கிறார்கள். மேஸ்திரி கில்கிரிஸ்ட் என்னை ஆணி அடிக்கிறவர்களுக்குத் தலைவனாக ஆக்கப்போவதாகச் சொல்கிறார். பட்டறை வீட்டில் இரண்டாவது அறையும் தருவாராம். அதை எழுதத்தான் நினைத்திருந்தேன்.

இதுபோன்ற விஷயங்களைக் காகிதத்தில் எழுதாதே. நேரில் பேசிக்கொள்ளலாம்.

உன் தம்பி
ஹியூ

*

கிரீனக்
1826, ஜூன் 3

ஹியூ,

நான் கேட்டது லத்தியைப் பற்றி அல்ல. தகட்டைப் பற்றி. நீ இரண்டு பக்கம் எழுதி, ஒரு இடத்தில்கூட தகடு என்ற சொல்லை எழுதவில்லை. சின்ன வயதில் தேன் ஜாடியைக் காலி செய்துவிட்டு, பூனையைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பாய். அதே பேச்சு இது.

நேற்று மறுபடி கீழே போனேன். உன் அறிவுரைக்கு நன்றி. அடுப்பு வாய்க்கு மேலே, ஓவன் நாள் முழுக்க மண்வெட்டியோடு நிற்கும் இடத்துக்கு நேர் எதிரே, சிவப்புச் சாயம் அடித்த தகடு ஒன்று இருக்கிறது. மற்றவை கறுப்பு. சாயம் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. ஓவன் நகத்தால் ஒரு கொப்புளத்தை உரித்துக் காட்டினான்.

"இங்க பாருங்கம்மா, பழைய ஆணி ஓட்டை. இரும்புத்தூளும் நவச்சாரமும் கொழைச்சு அடைச்சிருக்கான். இதோ, இங்க ஒண்ணு. இதுக்குக் கீழ இன்னொண்ணு. இது நம்ம கப்பலுக்கு அடிச்ச ஓட்டை இல்ல. வேற எங்கயோ பொழைச்சு முடிச்ச தகடு."

"கேப்டனுக்குத் தெரியுமா?"

"தெரியும். நீ கரியப் போடு, தகடப் பாக்காதன்னாரு."

"அப்புறம் ஏன்யா இங்க நிக்கிற?"

"நா நிக்கலன்னா இன்னொருத்தன் நிப்பான். அவன் பொண்டாட்டி எனக்குப் பழக்கமில்ல. என் பொண்டாட்டி உனாதான் பழக்கம். அவளும் சாப்பிடணும்ல."

அந்த ஓட்டைகளை விரலால் தொட்டுப் பார்த்தேன். சீழ் வைத்த புண்ணைத் தொட்டதுபோல் இருந்தது. கையை மூன்று தடவை சோப்பு போட்டுக் கழுவினேன்.

இந்தத் தகட்டை அங்கே வைத்தது யார்? ஒரே வரியில் பதில் போதும்.

மரியன்

*

கிளாஸ்கோ
1826, ஜூன் 9

அக்கா,

நான்தான்.

ஒரே வரி கேட்டாய். கொடுத்துவிட்டேன். இனி நான் சொல்வதையும் கேள்.

பிப்ரவரியில் கப்பல் வந்தபோது அந்த இடத்துத் தகடு தேய்ந்து தாள்போல் இருந்தது. புதுத் தகட்டுக்கு மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். கின்னெயர்ட் காத்திருக்க மாட்டேன் என்றார். எதிர்க் கம்பெனிக்காரர்கள் மார்ச்சில் ஓட்டத் தொடங்குகிறார்கள், நம் பயணிகளெல்லாம் அவர்கள் பக்கம் போய்விடுவார்கள் என்று கத்தினார். கில்கிரிஸ்ட் முற்றத்துக்குப் போனார். உடைத்துப் போட்டிருந்த பழைய இழுவைப் படகின் கொதிகலனிலிருந்து ஒரு தகட்டைக் கழற்றிக்கொண்டு வந்தார்.

"இதப் போடு," என்றார்.

"இது தாங்குமா?"

"நீ போடு. சாயம் அடி. தாங்குறதும் தாங்காததும் என் பாடு."

போட்டேன். ஓட்டைகளை அடைத்தேன். சாயமும் நானே அடித்தேன், இரண்டு பூச்சு. ஆணி அடிக்கும்போது சுத்தியலின் சத்தமே சொல்லிவிட்டது. நல்ல இரும்பு மணிபோல் பேசும். இது சட்டிபோல் பேசியது. காதில் பஞ்சு வைத்துக்கொண்டு அடித்தேன். சத்தம் தாங்காமல் எல்லாரும் பஞ்சு வைப்பதுண்டு. நான் வைத்தது அதற்காக அல்ல.

நீ தனி ஆள். உன் கணவர் இறந்த பிறகு உன்னைக் கேட்க யாருமில்லை, உன்னால் நிமிர்ந்து நிற்க முடியும். எங்கள் வீடு பட்டறையின் வீடு. நான் வாயைத் திறந்தால் அன்று மாலையே எஃபி பாத்திரங்களோடு தெருவில் நிற்பாள். அக்டோபரில் கப்பல் ஓய்வுக்கு வரும்போது நானே அந்தத் தகட்டை மாற்றிவிடுகிறேன். அதுவரை அழுத்தத்தைக் குறைத்து ஓட்டினால் ஒன்றும் ஆகாது. ஓவனிடம் சொல்லி வை.

இந்தக் கடிதத்தை எரித்துவிடு.

ஹியூ

*

பெல்ஃபாஸ்ட்
1826, ஜூன் 29

ஹியூ கால்பிரெய்த் அவர்களுக்கு,

உன் கடிதம் தாமதமாகத்தான் கைக்கு வந்தது. ஓவனிடம் சொல்ல முடியாமல் போய்விட்டது.

சனிக்கிழமை காலை, கரை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், எதிர்க் கம்பெனிக் கப்பல் பக்கத்தில் வந்தது. கேப்டன் அழுத்தத்தைக் கூட்டச் சொன்னார். மேல்தளத்தில் கனவான்கள் கைதட்டிக்கொண்டு நின்றார்கள். பிறகு கீழே துணி கிழிவது போன்ற ஒரு சத்தம். பீரங்கிபோல் வெடிக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படியெல்லாம் இல்லை. கிழிந்தது, அவ்வளவுதான்.

சிவப்புத் தகட்டின் ஓரம் வாய் திறந்து, கொதிக்கும் தண்ணீரும் மூன்று மாத லத்தியும் ஓவன்மேல் கொட்டியது. தூக்கிக்கொண்டு வந்து பெண்கள் அறையில் என் மேசைமேல் கிடத்தினார்கள். மேல்சட்டையைக் கழற்றப் போனேன். சட்டை தனியாக வரவில்லை. இதற்கு மேல் எழுத மாட்டேன். எழுதாததையும் நீ நினைத்துப் பார்க்க வேண்டும்.

கரை சேர இரண்டு மணி நேரம். நினைவோடுதான் இருந்தான். "நாத்தம் அடிக்குதாம்மா, மன்னிச்சுக்கோங்க," என்றான். வாசலில் ஒரு சீமாட்டி மூக்கில் கைக்குட்டையோடு நின்று, "இந்த ஆள வேற எங்கயாவது வைக்கக் கூடாதா? எங்க சாமானெல்லாம் இங்கதான் இருக்கு," என்றாள். அவளைத் தோளைப் பிடித்து வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினேன்.

மூன்றாம் நாள் இறந்தான். முப்பத்தொரு வயது.

நீதிபதி துறைக்கு வந்தார், பத்து நிமிடம் இருந்தார். கின்னெயர்டின் ஆள், கரி போடுகிறவன் குடித்துவிட்டுக் குழாயை உடைத்துவிட்டான் என்றார். கேப்டன் தலையாட்டினார். என்னை யாரும் கேட்கவில்லை. நானே முன்னால் போய், அவன் சாராயத்தைத் தொடாதவன் என்றேன். "துக்கத்துல இருக்கீங்க, போய் உக்காருங்க," என்றார் நீதிபதி. பிறகு கிழிசலின் மேல் தோலும் இரும்புப் பட்டையும் வைத்து முறுக்கினார்கள். செவ்வாய்க்கிழமை அதே கப்பல் பயணிகளை ஏற்றிக்கொண்டு கிரீனக் போனது.

நான் ஏறவில்லை. இங்கே விடுதி ஒன்றில் துணி வெளுக்கும் வேலை கிடைத்திருக்கிறது.

உன் கடிதத்தை எரிக்கவில்லை. பயப்படாதே, யாரிடமும் காட்டவும் மாட்டேன். காட்டினால் அது நான் செய்ததாகிவிடும். செய்ய வேண்டியவன் நீ. கின்னெயர்டை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. உன்னை நினைத்தால் கோபம் வருவதில்லை, உன் கடிதத்தைத் தொட்ட கையை மறுபடி கழுவுகிறேன். உன்னைக் குளிப்பாட்டி, தலை சீவி வளர்த்தவள் நான். அதனால்தான் இப்படி எழுதுகிறேன்.

மரியன்

*

கிளாஸ்கோ
1826, ஜூலை 24

அக்கா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பதில் எழுத நான்கு தடவை உட்கார்ந்தேன். நான்கிலும் என்னைப் பற்றியே எழுதியிருந்தேன். கிழித்துவிட்டேன்.

நடந்ததை மட்டும் சொல்கிறேன். போன வியாழக்கிழமை கின்னெயர்ட் கிரீனக்கில் கப்பலுக்கு மூன்றாம் ஆண்டு விழா வைத்திருந்தார். கனவான்கள், சீமாட்டிகள், இரண்டு பாதிரியார்கள், கிரீனக் நீதிபதி. பட்டறையிலிருந்து என் சுத்தியலை எடுத்துக்கொண்டு காலை வண்டியில் போனேன். எஃபியிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன். "போ. இந்த மூணு வாரமா நீ தூங்கவும் இல்ல, என்னத் தூங்கவிடவும் இல்ல," என்றாள்.

பட்டறை ஆள் என்று கப்பலில் யாரும் தடுக்கவில்லை. அடுப்பு இன்னும் மூட்டியிருக்கவில்லை. கீழே கின்னெயர்ட் விருந்தாளிகளுக்கு இயந்திரத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். ஒரு பெண், "என்ன இது, ஒரே வாடையா இருக்கே?" என்று கேட்டாள். "அது நீராவியோட இயற்கையான மணம், அம்மணி," என்றார்.

நான் அவர்களை விலக்கிக்கொண்டு போய், பட்டைக்கு ஒரு சாண் இடதுபுறம் அடித்தேன். ஓங்கி அடிக்கவில்லை. ரொட்டிக்குள் போவதுபோல் சுத்தியல் பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது. வெளியே இழுத்ததும் பழுப்பு நிறத்தில் கூழாக வழிய ஆரம்பித்தது. நிற்கவே இல்லை. சீமாட்டிகளின் செருப்பு, கனவான்களின் வெள்ளைக் காலுறை, எல்லாவற்றையும் நனைத்துக்கொண்டு ஓடியது. ஏணியில் ஒருவர்மேல் ஒருவராக ஏறினார்கள். நீதிபதி மட்டும் கூழில் நின்றபடி அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யார்றா நீ?" என்றார் கின்னெயர்ட்.

"இந்தத் தகட்ட இங்க வச்சவன்."

"குடிச்சிருக்கியா?"

"ஓவனும் இதே மாதிரிதான் குடிச்சிருந்தான்."

அன்று மத்தியானமே நீதிபதி வாக்குமூலம் எழுதிக்கொண்டார். முற்றம், பழைய இழுவைப் படகு, பசை, இரண்டு பூச்சு சாயம், காதுப் பஞ்சு எல்லாம் சொன்னேன். கில்கிரிஸ்ட் எதுவும் நினைவில்லை என்றார். கின்னெயர்டுக்கு எச்சரிக்கை. கொதிகலனைக் கழற்ற உத்தரவு. வேறு யாருக்கும் ஒன்றும் இல்லை.

பட்டறை என்னை நிறுத்திவிட்டது. கிளைட் நதிக்கரையில் வேறு எந்தப் பட்டறையும் எடுக்காது, சொல்லி வைத்திருக்கிறார்கள். வீடு போய்விட்டது. எஃபியின் அத்தை வீட்டில், ஆறு பேர் படுக்கும் அறையில் இருக்கிறோம்.

நீ என்ன சொல்வாய் என்று தெரியவில்லை.

ஹியூ

*

பெல்ஃபாஸ்ட்
1826, அக்டோபர் 30

ஹியூ,

குழந்தை பிறந்திருக்கும். எஃபி நலமாக இருப்பாள் என்று நம்புகிறேன். உங்களுக்கென்று ஒரு கம்பளி அனுப்புகிறேன், பாய்மரப் படகுக்காரர் கொண்டுவந்து தருவார்.

நீ சுத்தியலால் அடித்த இடத்தை மூன்று தடவை வாசித்தேன். நன்றாகச் செய்தாய் என்று எழுதப் பேனாவை எடுத்தேன். கை அதற்கு மேல் ஓடவில்லை. அதனால்தான் இத்தனை மாதம்.

நேற்று அந்தக் கப்பல் துறைக்கு வந்தது. புதுக் கொதிகலன், புதுப் பெயர். பொன்னெழுத்தில் 'ஹார்மனி' என்று எழுதியிருக்கிறார்கள். ஆனால் பக்கச் சக்கரத்தை மூடிய கூட்டில் நான் வாளியால் இடித்த தழும்பு அப்படியே இருந்தது. துறைச் சுவரெல்லாம் விளம்பரம் ஒட்டியிருக்கிறது. உயிர்ச்சேதமின்றிப் பயணிகளை அயர்லாந்துக்குக் கொண்டு சென்ற முதல் நீராவிக் கப்பலின் அதே உரிமையாளரிடமிருந்து, என்று. உயிர்ச்சேதமின்றி. அந்தச் சொல்லை என்னால் தாண்டிப் போக முடியவில்லை. பட்டப்பகலில், ஆட்கள் பார்க்க, அதை நகத்தால் சுரண்டிக்கொண்டு நின்றேன். கேப்டன் ஆள் அனுப்பினார். பெண்கள் அறைக்குத் திரும்பி வருகிறேனா, இப்போது ரோஜாத் தண்ணீர் தெளிக்கிறோம் என்று. வந்தவனிடம், அந்த ரோஜாத் தண்ணீரை முன்தளத்தில் கிடக்கிறவர்கள்மேல் தெளிக்கச் சொல் என்றேன்.

இப்போது உன் விஷயம். நீதிபதியிடம் சொன்னாய். கின்னெயர்டின் விருந்தாளிகளிடம் சொன்னாய். அவர்கள் எல்லாரும் காலைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். உனா கிரீனக்கில்தான் இருக்கிறாள், மீன் உப்புப் போடும் கொட்டகைக்குப் பின்னால் மூன்றாவது வீடு. தன் புருஷன் குடித்துவிட்டுச் செத்தான் என்று தெருவே சொல்வதைக் கேட்டுக்கொண்டு ஹெர்ரிங் மீனின் குடல் எடுக்கிறாள். நான் எழுதினால் அவளுக்கு வாசிக்கத் தெரியாது. அவளைப் போய்ப் பார்த்தாயா?

மரியன்

*

கிரீனக்
1826, நவம்பர் 12

அக்கா,

பெண் குழந்தை. போன மாதம் பத்தொன்பதாம் தேதி பிறந்தாள். நலம்.

நீ எழுதும்வரை உனாவைப் பார்க்கவில்லை என்பதுதான் உன் கேள்விக்குப் பதில். அவள் தெருமுனை வரை இரண்டு தடவை போய்த் திரும்பியிருந்தேன். உன் கடிதம் வந்த மறுநாள் கிரீனக்குக்கு வந்து அவளைப் பார்த்தேன்.

கொட்டகையில் வேலையாக இருந்தாள். முழங்கை வரை மீன் இரத்தமும் செதிலும். என் பெயரைச் சொன்னேன். கத்தியைக் கீழே வைக்கவில்லை, அடுத்த மீனை எடுத்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். பக்கத்தில் பத்துப் பெண்கள் இருந்தார்கள், எல்லாரும் கையை நிறுத்திக் கேட்டார்கள். சொல்லி முடித்த பிறகு நான் அழுதேன். அதைப் பார்த்து அவள் முகம் சுளித்தது. அழுகிய மீனை முகர்ந்தவள் முகம்.

"அழுது முடிச்சிட்டியா?" என்றாள்.

"ம்."

"என் முன்னால வந்து அழுதா எனக்கு என்ன? ஒனக்குத்தான் லேசாகும். எனக்கு ஒண்ணும் கொறையல."

"நான் என்ன செய்யணும், சொல்லுங்க."

அப்போதுதான் கத்தியைக் கீழே வைத்தாள். வாளித் தண்ணீரில் கையை அலம்பிக்கொண்டு வந்தாள்.

"எழுதத் தெரியும்ல ஒனக்கு?"

"தெரியும்."

"அயர்லாந்துல, டோனிகால்ல என் மாமியார் இருக்கு. மகன் குடிச்சிட்டுச் செத்தான்னு கேள்விப்பட்டதுல இருந்து கோயிலுக்கே போகலையாம். நீ எழுது. சாமியார் படிச்சுச் சொல்வாரு."

ஒரு உப்புப் பீப்பாயைக் கவிழ்த்துப் போட்டாள். கணக்கனிடமிருந்து காகிதமும் மையும் வாங்கி வந்தாள். நான் எழுதினேன். உங்கள் மகன் குடித்திருக்கவில்லை, நல்ல வேலைக்காரன், கொதிகலனின் தகடு பழையதாக இருந்ததால் கிழிந்தது, அதில் இறந்துபோனான் என்று.

"படி," என்றாள்.

படித்தேன்.

"தகடு பழசா இருந்துச்சு, சரி. அது தானா நடந்து போய் அங்க ஒக்காந்துக்கிச்சா?"

அந்த வரியை அடித்துவிட்டு, பழைய தகடு என்று தெரிந்தும் பட்டறையில் ஒருவன் அதை வைத்தான் என்று எழுதினேன். படிக்கச் சொன்னாள். படித்தேன்.

"ஒருத்தன்னா? அவனுக்குப் பேரு கெடையாதா?"

பெண்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதையும் அடித்தேன். ஹியூ கால்பிரெய்த் ஆகிய நான், தெரிந்தே வைத்தேன் என்று எழுதினேன். மூன்றாவது தடவை படித்தேன். அவள் காகிதத்தை வாங்கி, தலைகீழாகப் பிடித்து, நெடுநேரம் பார்த்தாள்.

"இதுல ஒன் பேரு எது?"

காட்டினேன். அந்த இடத்தில் ஈரம் காயாத கட்டை விரலை வைத்து அழுத்தினாள். மை கொஞ்சம் கலைந்தது, ஆனால் படிக்க முடிகிறது. மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, கத்தியை எடுத்துக்கொண்டு, மீனிடம் திரும்பிப் போனாள். என்னைப் போகச் சொல்லவில்லை, இருக்கவும் சொல்லவில்லை. நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்துவிட்டேன்.

ஹியூ